மாசாணத்தின் கேட்டுக்கு வந்த பச்சைச் சீட்டு

கிணத்துக்கடவுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மாசாணம் பன்னிரண்டு வருஷமாகக் கேட் செக்யூரிட்டி. பார்வையாளர் நேரம் மாலை நாலு முதல் ஆறு. எமனே வந்தாலும் நாலு மணிவரை உட்கார வைக்கிற ஆள் என்று நர்சுகள் கேலி செய்வார்கள். ஆனால் எமன் எந்தக் காலத்தில் நேரம் கேட்டுக்கொண்டு வந்தான்?

மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் அது அவருக்கு உறைத்தது. சோமனூரிலிருந்து சின்னத்தாயி என்ற அம்மாள் ரெண்டு மணிக்கே வந்து, "அண்ணனுக்கு ரொம்ப முடியலீங்க, ஒரெட்டு பாத்துட்டு வந்தர்றேனுங்க" என்று கெஞ்சினாள். "நாலு மணிக்குத்தானுங்க" என்றுவிட்டார். மூன்றரைக்கு அண்ணன் போய்ச் சேர்ந்தான். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அவருக்கு மனசு ஆறியிருக்கும்.

போன வருஷம் டாக்டர் மிஸ்பா, கடைசி நாட்களில் இருப்பவர்களைக் கவனிக்கவென்றே ஒரு முறையைக் கொண்டுவந்தார். வலிக்கு நேரத்துக்கு மருந்து, வீண் ஊசி கிடையாது, வீட்டுக்குப் போக ஆசைப்பட்டால் அனுப்பி வைப்பது. எல்லாவற்றையும் நோயாளியைக் கேட்டு ஒரே தாளில் எழுதிவிடுவது. அதற்கான கூட்டத்தில் மாசாணத்தையும் உட்கார வைத்து, "உங்களுக்கு ஏதாச்சும் தோணுதுங்களாண்ணா?" என்றார். அதுவரை எந்த டாக்டரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

மாசாணம் சின்னத்தாயி கதையைச் சொன்னார். "யாரைப் பாக்கோணும்னும் அந்தத் தாள்ல எழுதிப்போட்டு, கேட்டுக்கு ஒரு சீட்டு குடுத்துட்டீங்கன்னா, எந்நேரமும் உட்டுருவேனுங்க."

மறுவாரமே பச்சைச் சீட்டு வந்தது.

இந்த ஆவணியில் ஒரு மத்தியானம் ரெண்டு மணிக்கு, எதிர் வேப்பமரத்தடியில் மடியில் பையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சின்னத்தாயியேதான். அவர் மேஜை மேல் அன்றைய சீட்டு: நோயாளி பாவாத்தாள், பார்க்க வேண்டியவர் தங்கை சின்னத்தாயி. மாசாணம் ஓடினார்.

"ஏனுங்கம்மா, உள்ள வாங்க."

"நாலு மணி ஆகலீங்களே. நான் இருந்தே வாரேனுங்க."

அந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் அவர்தானே. "உங்கக்கா உங்களத்தானுங்க கேட்டிருக்காங்க" என்று பையை வாங்கிக்கொண்டு கட்டில் வரைக்கும் கூட்டிப்போனார்.

இருட்டுகிற நேரத்தில் அவள் கேட்டுக்கு வந்தாள். "அக்கா போயிட்டாளுங்க. கடைசி வரைக்கும் கையப் புடிச்சுட்டே இருந்தேனுங்க. நீங்க நல்லா இருக்கோணும்."

"அன்னைக்கு நான் உடலீங்களேம்மா."

"அண்ணனுக்கும் சேத்துத்தானுங்க புடிச்சேன்" என்று கும்பிட்டாள்.

மூன்று வருஷத்துப் பாரம் அப்போதுதான் இறங்கியது. மாசாணம் தொப்பியைக் கழற்றி அவளைக் கும்பிட்டார். பிறகு, சாவுச் சேதி கேட்டு வரப்போகும் சனத்துக்காகக் கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தார்.