முதுகைக் காட்டி நின்ற ஏழாம் கல்

அவரை எல்லோரும் 'ஒரேதடவை' என்றுதான் கூப்பிடுவார்கள். கனமான பொருள்களை இடம் மாற்றுவது அவர் தொழில். அச்சு இயந்திரம், கொதிகலன், வங்கிப் பெட்டகம் என்று இருபத்தாறு வருடமாக அசையாதவற்றையெல்லாம் அசைத்தவர். ஒரு பொருளை வைத்தால் வைத்ததுதான். இரண்டாம் முறை அதில் கை வைத்ததில்லை. இதை ஊரே சொல்லும். அது போதாதென்று அவரும் சொல்வார். டீக்கடையில், பேருந்தில், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறந்தபடியேகூடச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் கதை வேறு. படுக்கையறைக் கதவைப் பாதிக்கு மேல் திறக்கவிடாமல் ஒரு மர அலமாரி நிற்கிறது. அதை ஒரு முழம் நகர்த்தச் சொல்லி மனைவி பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆள் கிடைக்கவில்லை என்பது இவருடைய பதில். நான்கே பேரை வைத்துப் பத்து டன் கொதிகலனை இறக்கியவர்! குடும்பமே ஒருக்களித்து நுழைகிறது. இவர் கூடுதலாக வயிற்றையும் எக்கிக்கொள்கிறார்.

சாலையை அகலப்படுத்தும்போது ஒன்பது நெடுங்கற்கள் குறுக்கே நிற்பதாகக் கோப்பில் எழுதினார்கள். மூவாயிரம் வருடமாக அவை நின்ற இடத்திலேயேதான் நின்றன. குறுக்கே வந்தது சாலை. அவற்றைப் பெயர்த்து, இருநூறு அடி தள்ளி மேட்டில், அதே வரிசையில், அதே திசை பார்த்து நட வேண்டும். தொல்லியல் துறையிலிருந்து வந்த இளம் பெண் அதிகாரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கல்லில் எதையும் எழுதக்கூடாது. பெயின்ட் மட்டுமல்ல, சாக்பீஸ்கூட ஆகாது.

தூக்கும் பெல்ட் கல்லில் உராயாமலிருக்க, அதைப் பழைய கார்ப்பெட்டில் சுற்றித்தான் கிரேனில் தூக்குவார்கள். நம்மவர் அந்தக் கார்ப்பெட்டின் மேல் சிவப்பு பெயின்டில் எண்ணும், வடக்கு காட்டும் அம்புக்குறியும் போட்டார். அதிகாரிக்கே பிடித்துப்போன யோசனை.

தோண்டி எடுத்தபின் மூன்று வாரத்தில் ஒன்பதும் எழுந்து நின்றன. குழிகளில் ஜல்லி போட்டு இடித்து இறுக்கியாயிற்று. திங்கட்கிழமை திறப்பு விழா. சனிக்கிழமை மதியம் அதிகாரி கைகுலுக்கிப் பாராட்டினார். கிரேன் கிளம்பத் தயாரானது. அதை ஓட்டுபவர் இவர் மனைவியின் தம்பி. அந்த நேரத்தில்தான் மனைவி சாப்பாட்டுப் பையோடு வந்தார்.

ஏழாவது கல், முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும் பலகைக் கல். ஆனால் ஒரு பக்கத்தில், மார்பளவு உயரத்தில், பை வைக்கத் தோதான பிதுக்கம் உண்டு. பழைய இடத்தில் அது சாலையைப் பார்த்திருந்தது. தோண்டும் வேலை நடந்த ஒரு மாதமும் அந்த அம்மாள் பையை அதில்தான் வைத்தார். இன்றும் பழக்கத்தில் கையை நீட்டினார். கல் வழவழவென்றிருந்தது. சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கல்லு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குதுங்க."

அம்புக்குறி பொய் சொல்லாது என்றார் இவர், சாப்பிட்டுக்கொண்டே.

"அம்ப நீங்க கார்ப்பெட்டுல தானே போட்டீங்க?"

கவளம் பாதி வழியில் நின்றது. லாரியில் ஏற்றும்போது ஏழாவதன் கார்ப்பெட் சரிந்ததும், அவரே அதைக் கழற்றி, மற்றவர்களை நம்பாமல், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மறுபடி சுற்றிக் கட்டியதும் நினைவுக்கு வந்தன. ஏனோதானோவென்று சுற்றிய எட்டும் ஒழுங்காக நின்றன. அக்கறையாகச் சுற்றியது திரும்பி நின்றது.

யாருக்கும் தெரியப்போவதில்லை. அதிகாரியும் அம்புக்குறியைத்தான் நம்பினார். தோண்டினால் இருபத்தாறு வருடப் பெயர் அரை நாளில் போய்விடும். பையை வேறெங்காவது வைத்துக்கொள்ள முடியாதா என்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வெச்சுக்கலாம். ஒருக்களிச்சுப் போயே பழகினவதானே நான்."

கிரேன் நகரத் தொடங்கியது. அவர் கையைக்கூடக் கழுவாமல் ஓடி அதன் முன்னால் நின்றார்.

"என்ன மச்சான், எதையாவது மறந்துட்டீங்களா?"

"ஏழாவத எடுக்கணும்."

"எடுத்து எங்க வெக்கணும்?"

"அங்கயேதான்."

மைத்துனர் என்ஜினை அணைத்தார். சிரிப்பதற்கு அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டன.

அதிகாரி நம்பவில்லை. எண்ணூறு புகைப்படங்களைத் துழாவி, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். சாப்பாட்டுப் பை குறுக்கே வந்து கெடுத்துவிட்டது என்று அவரே ஒதுக்கிய படம். பை பிதுக்கத்தின் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது; கல்லுக்குப் பின்னால் மேடு தெரிந்தது, அதாவது பிதுக்கம் சாலையைத்தான் பார்த்திருந்தது. முகம் சிவந்துபோய், அறிக்கையில் 'சிறு சீரமைப்பு' என்று எழுதிவிடலாமா என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார் இவர்.

இந்த முறை அம்புக்குறி கிடையாது. மனைவியைச் சாலைப் பக்கம் தள்ளி நிற்கவைத்து, பிதுக்கம் அவரைப் பார்க்கும்வரை கல்லைத் திருப்பினார்கள். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. அதற்குள் 'ரெண்டுதடவை' என்ற பெயரும் நிலைத்துவிட்டது, வைத்தவர் மைத்துனர்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மச்சானும் மைத்துனரும் சேர்ந்து அலமாரியை ஒரு முழம் தள்ளினார்கள். இரண்டு நிமிட வேலை. கதவு முழுதாகத் திறந்தது. மனைவி கையை வீசிக்கொண்டு நேராக உள்ளே போனார், திரும்பி வந்தார், அலமாரியைப் பார்த்தார்.

"இன்னும் நாலு விரல் அந்தப் பக்கம் போகலாம்."

மைத்துனர் மச்சானின் முகத்தைப் பார்த்தார். அவர் குனிந்து, அலமாரியின் அடியில் மறுபடி கை கொடுத்தார்.