ஒரே பேரில் வைத்த மொய்

போன மாதம் ஜெர்மனியிலிருந்து விடுப்பில் கோவை வந்தபோது ஊர் சுற்றும் எண்ணமே இல்லை. அங்கே என்னோடு வேலை பார்க்கும் செந்தில் ஒரு பொறுப்பைத் தலையில் கட்டியிருந்தான். "எங்கக்காவ நேர்ல பாத்துச் சொல்லிப்போடு. போன்ல சொல்ல வாய் வரமாட்டேங்குது." கெட்ட செய்தி கொண்டு போகும் பயணம் எதிரிக்கும் வேண்டாம்.

காலை ஒன்பதே காலுக்கு உக்கடத்தில் பேருந்து ஏறினேன். தொண்டாமுத்தூருக்குப் பதினாறு, பதினேழு கிலோமீட்டர், இருபது ரூபாய், ஐம்பது நிமிடம். அங்கிருந்து அந்த அக்காவின் தோட்டத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். ஓட்டுநர் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "பொழுதோட திரும்பிருங்க. நேத்து ஆனை எறங்கிப்போட்டுதுங்க."

செந்திலின் அக்கா மல்லிகா தென்னை நாரில் நாற்றுத் தொட்டி செய்கிறார். தம்பி ஜெர்மனியில் பதிவு செய்த கம்பெனி வழியாக விற்கிறான். பெரிய மெஷின் வாங்க, அங்கே ஓர் இணையதளம் மூலம் பல நாட்டுக்காரர்களிடம் சிறுசிறு கடனாகப் பணம் திரட்டினார்கள். அதை நம்பி மல்லிகா சிங்காநல்லூர் மில் வேலையை விட்டு, ஷெட்டும் போட்டுவிட்டார்.

இங்கே கொஞ்சம் சட்டம் பேசியாக வேண்டும். முன்பெல்லாம் ஐரோப்பாவில் இப்படிப் பணம் திரட்ட நாட்டுக்கு நாடு தனி விதி. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டில் உரிமம் வாங்கினால், முறைப்படி தெரிவித்துவிட்டு மற்ற நாடுகளிலும் திரட்டலாம். ஆனால் பணம் போடும் சாமானியர் ஒவ்வொருவரையும் அந்த இணையதளம் அறிந்திருக்க வேண்டும்; நஷ்டம் வரலாம் என்பது அவருக்குப் புரிகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஏமாந்தவர்கள் அழுத அழுகையில் பிறந்த விதி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மொதல்ல சாப்பிடுங்கண்ணா" என்றார் மல்லிகா. சேதி சொல்ல வந்தவனுக்கு இலை போட்டால் எப்படி இறங்கும்? பாதியில் கை கழுவிவிட்டுச் சொன்னேன்.

அவருடைய மாமனார் நல்ல மனதோடு ஒரு காரியம் செய்திருந்தார். மருமகளின் தொழிலுக்கு ஊரார் பணம் போடும்போது உறவு சும்மா இருக்கலாமா என்று, ஐரோப்பாவில் இருக்கும் பங்காளிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் போனில் பிடித்தார். நம் பக்கம் பங்காளிகள் சேர்ந்து பெரியவர் பேரில் மொய் எழுதுவதில்லையா? அதேபோல எல்லாரும் மூத்தவன் கார்த்தியிடம் கொடுத்து, அவன் பேரிலேயே போடச் சொன்னார். நாலு நாட்டுப் பணம் ஒரே பேரில் வந்ததைத் தளம் கண்டுபிடித்தது. யாருடைய பணம் என்று தெரியாமல் வாங்கினால் உரிமத்துக்கே ஆபத்து. திரட்டலையே நிறுத்தி, எல்லாருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மல்லிகா பாதிச் சோற்றோடு இருந்த என் இலையை எடுத்துப் போட்டார். பிறகு, "மாமாவுக்குத் தெரிய வேண்டாங்கண்ணா. அங்க பணம் திரட்ட லைசென்ஸ் கெடைக்கலைன்னு சொல்லிப்போடலாம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த மாமனாரிடம் அந்தப் பொய்யையே சொன்னோம். அவர் துண்டை உதறினார். "அவனுக லைசென்ஸ் குடுக்காட்டிப் போறானுக, உடு அம்மணி. அடுத்த தடவ இன்னும் பத்துப் பேரச் சேத்திக் கார்த்தி பேர்லயே போட்டுப்போடலாம்."

 மல்லிகா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "மாமா, உக்காருங்க" என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப நாந்தான் கெடுத்தனா?"

"நல்லதுக்குத்தானுங்களே மாமா செஞ்சீங்க."

"நல்லதுக்குத்தான். கெட்டுப்போச்சல்ல."

இதுபோல் தொழில் நடத்துவோருக்கு ஒரு வார்த்தை: உறவுக்காரர்கள் உதவ வந்தால் அவரவர் பேரில், அவரவர் கணக்கிலிருந்து, அவரவரே கேள்விக்குப் பதில் சொல்லிப் போடட்டும். பணம் கைக்கு வருமுன் வேலையை விடாதீர்கள். தொண்டாமுத்தூர்த் தோட்டப் பக்கம் போகிறவர்கள் நாலரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள். இருட்டினால் ஆட்டோ வராது.

செந்தில் வேறொரு தளத்தில் விண்ணப்பித்திருக்கிறான். எப்போது கிடைக்கும் என்று தெரியாது. மறுநாள் காலை மல்லிகா பழைய வேலையைக் கேட்க சிங்காநல்லூருக்குக் கிளம்பினாராம். தன் பிள்ளைகளுக்காகக்கூட ஒருவரிடமும் போய் நின்றிராத மாமனார், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அவருக்கு முன்பே பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம் அம்மணி. நான் கேக்கறேன்."