எத்தனை படிகள் என்று கேட்டவர்

மில்வாக்கியில் மார்லிஸின் வீட்டு நிலவறையில் பதினோரு வருடங்களாக இசைக்கூட்டம் நடந்துவந்தது. வாரநாட்களில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பாள். ஞாயிறு மதியம் துணி உலர்த்தியை ஓரமாகத் தள்ளிவிட்டு டிரம்ஸை இறக்குவாள். வேனில் ஊர் ஊராக அலையும் குழுக்களுக்கு பீன்ஸ் சூப் கொடுத்து, தரையில் படுக்க இடமும் கொடுப்பாள். அவளுக்குப் பாடவும் வராது, எதையும் வாசிக்கவும் வராது.

சுவரொட்டியில் முகவரி போடக் கூடாது என்பது அவள் சட்டம். 'தெரிந்தவரைக் கேள்' என்று மட்டும் இருக்கும். முந்தைய வீடு போனது, அனுமதியில்லாத கூட்டம் என்று கண்டுபிடித்த ஒரு கட்டட ஆய்வாளரால். ரசிகர் போலப் பேசி வந்தவர் படிகளை எண்ணினார், வெளியேற வேறு வழி உண்டா என்று கேட்டார். மறுவாரம் கதவில் பூட்டு. அதன்பின் தெரியாத எண்ணில் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: அப்படி ஒரு வீடு இங்கே இல்லை.

பிப்ரவரியில் டிரம்ஸ் வாசிக்கும் ஆன்செல்ம் இறந்தான். முப்பத்து நான்கு வயது. வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். ஏப்ரலில் அவனுக்காக ஒரு கூட்டம் வைத்தாள். அதற்கு மூன்று நாளுக்கு முன் வெர்னா சண்ட்குவிஸ்ட் என்ற பெயரில் ஒரு செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும், கீழே இறங்க எத்தனை படிகள், வேறு வழி உண்டா, எத்தனை பேர் வருவார்கள்?

ஆய்வாளன் இந்தமுறை பெண் பெயரில் வந்திருக்கிறான் என்று மார்லிஸ் சிரித்துக்கொண்டாள். வழக்கமான பதிலை அனுப்பினாள்.

ஞாயிறன்று மூன்றாவது பாட்டு முடிந்ததும், கிட்டார்காரன் ஜோரன் தண்ணீர் குடிக்க மேலே, மார்லிஸ் சூப் கிளறிக்கொண்டிருந்த சமையலறைக்கு வந்தான்.

"ஆன்செல்ம் அம்மா எங்க? ஆளையே காணோம்?"

"அவங்களுக்கு யாருடா சொன்னா?"

"நான்தான். துலூத்துலேர்ந்து பஸ்ல வரேன்னாங்க. வாக்கர் வெச்சுதான் நடப்பாங்க, பாவம். உன் நம்பர குடுத்தேன்."

"அவங்க பேரு?"

"வெர்னா. ரெண்டாவது கல்யாணத்துக்கு அப்புறம் சண்ட்குவிஸ்ட்."

மார்லிஸின் கையிலிருந்த கரண்டி சூப்புக்குள் மூழ்கியது. "அட்ரஸையும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நல்லாருக்கே! அட்ரஸ் குடுத்தா நீதான உயிர எடுப்ப?"

அந்தச் செய்தி வந்த எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் பேருந்தின் உறுமல்.

"நேத்தே வந்தேன்மா," என்றார் வெர்னா. "ரிவர்வெஸ்ட் ஏரியான்னு ஆன்செல்ம் முன்ன சொல்லிருக்கான். காலையில அங்க ரெண்டு பசங்கள கேட்டேன். என் புள்ள படம் போட்ட பனியன் போட்டிருந்தாங்க. அவங்களும் அப்படி ஒரு வீடே இல்லன்னுட்டாங்க. அதான் ஊருக்குத் திரும்ப பஸ் ஏறிட்டேன்."

மார்லிஸ் அடுப்பை அணைத்தாள். "அந்தப் பதில அனுப்புனது நான்தான்."

"ஏன்மா?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. மார்லிஸ் வண்டிச் சாவியைத் தேடினாள். உங்களை ஆய்வாளர் என்று நினைத்தேன் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

"பஸ் அடுத்து எங்க நிக்கும்? நான் வண்டி எடுத்துட்டு வரேன். திரும்பக் கூட்டிட்டு வரேன்."

"வேணாம்மா. காலையில எனக்கு டயாலிசிஸ். தவறக் கூடாது."

கீழே நான்காவது பாட்டு வெடித்தது. மார்லிஸ் படிகளில் ஓடி இறங்கி, போனைக் கூட்டத்தின் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள். ஆன்செல்மின் காலி இருக்கையைச் சுற்றி எல்லோரும் கத்திப் பாடினார்கள். பாட்டு முடியும்வரை கையை இறக்கவில்லை.

"கேட்டுச்சாம்மா?"

"ஒரே இரைச்சலா இருந்துச்சும்மா," என்றார் வெர்னா. "அவன் பாட்டு எதுன்னு தெரியல."