முனியாண்டியை மறந்த அட்டவணை

அவசரகாலத்தில் லாரிக்கு நேரம் குறிப்பது சாதுவான வேலை அல்ல. மூலை மேசையில் கோடு போட்ட தாளோடு மல்லுக்கட்டும் சக பாவிகளுக்கு என் பாடு புரியும்.

பிஸ்கட் டின்

சென்னையில் கணிதம் படித்துக் கப்பலேறி ஊர் திரும்பியதும் ஜாசினில் ஒரு ரப்பர் தோட்ட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எங்கள் அரிசி லாரி தினமும் காலை ஏழு மணிக்கு, ஒரே சாலையில் தோட்டத்துக்குப் போகும். போன மாதம் அப்படி நேரம் தவறாமல் போன பக்கத்துத் தோட்டத்து லாரியை, வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் மறித்து எரித்தார்கள். அதன் டிரைவர் வீடு திரும்பவில்லை. அடுத்தது எங்கள் டிரைவர் மாரிமுத்து அண்ணனாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

நான்கு நேரங்கள், இரண்டு சாலைகள். எட்டுச் சீட்டுகளை டின்னில் போட்டுக் காலையில் ஒன்றை எடுப்பது. எடுக்கும்வரை எனக்கே தெரியாதது வேறு யாருக்குத் தெரியும்? நேரில் சொல்லக் கூச்சம். எழுதி, தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அவர் உரக்கக் கூப்பிட்டார்: “ஏம்மா, லாட்டரி குலுக்கி லாரி விடுறோம்னு தொரைகிட்ட நான் போய்ச் சொல்லணுமா?”

பசியாற நேரமில்லை

மூன்று முறை எழுதி வைத்தேன். நான்காவது முறை துரையின் கையெழுத்தோடு வந்தது. முதல் நாளே ஆறரைச் சீட்டு. மாரிமுத்து அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்: “நான் எப்பப் பசியாறணும்னும் இந்த டின்னுதான் சொல்லுமா, தங்கச்சி?”

வளைவில் ஒரு கற்பூரம்

ரேஷன் பட்டியல் சரிபார்க்க ஒரு நாள் அதே லாரியில் போனேன். இரண்டு சாலைகளும் சேரும் வளைவில் அண்ணன் இன்ஜினை அணைத்து இறங்கினார். ரப்பர் மரத்தடியில் முனியாண்டி கல். நிதானமாகக் கற்பூரம் ஏற்றினார். எந்தச் சீட்டு வந்தாலும் தினமும் இங்கேதான் நிறுத்துவாராம். காத்திருப்பவனுக்கு நேரமும் வேண்டாம், சாலையும் வேண்டாம். இந்த மரம் போதும்.

இங்கே நிற்பது ஆபத்து என்று முணுமுணுத்தேன். கும்பிடாமல் போவதுதான் ஆபத்து என்றார் அவர். அவரும் ஆபத்தைத்தான் கணக்குப் போடுகிறார். அன்றிரவெல்லாம் யோசித்து, மறுநாள் ஒரே மூச்சில் சொன்னேன்: அங்கிருந்து பிடிமண் எடுத்து வந்து லாரி ஷெட்டில் வைத்துக் கும்பிடுவோம். நம் ஆட்கள் புது இடத்தில் சாமியை வைப்பதே அப்படித்தானே?

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: “சாமியவே டிரான்ஸ்பர் பண்றியா?”

படுத்த புல்

போலீஸ் காவலோடு போய் மண் எடுத்து வந்தார். அதன்பின் கற்பூரம் ஷெட்டிலேயே எரிந்தது. லாரி வளைவில் நிற்காமல் போனது. இரண்டாவது வாரம் போலீஸ் வந்து சொன்னது: முனியாண்டி கல்லுக்குப் பின்னால் புல் படுத்துக் கிடக்கிறது, யாரோ பல நாள் காத்திருந்த தடம்.

அண்ணன் என் மேசையில் ஒரு சிட்டிகை விபூதி வைத்துவிட்டுச் சொன்னார்: “முனியாண்டிதான் உன்னைச் சொல்ல வச்சாரு. உன் டின்னுக்கு இதுல பங்கு இல்ல லா.”

எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்பதால், மாத அறிக்கையில் ‘செய்த பணி’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் இன்னும் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.