ஒரே வீட்டில் ஒரே பெயர்

எனக்கும் என் மாமியாருக்கும் ஒரே பெயர். ஒரே பெயராக இருந்தது என்று சொல்வதுதான் சரி. அது என்ன பெயர் என்று இங்கே சொல்லமாட்டேன். இதை எழுதப் போகிறேன் என்றதும் வீட்டில் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

பெண் பார்க்க வந்தபோதே இந்தச் சிக்கல் எல்லோருக்கும் தெரியும். ஜாதகம் பொருந்தியது, வேலை பொருந்தியது, உயரம்கூடப் பொருந்தியது. பெயர் மட்டும் அளவுக்கு மீறிப் பொருந்திவிட்டது. "அதெல்லாம் வந்தப்புறம் மாத்திக்கலாம்," என்றார் மாமனாராக வரப்போகிறவர், ஜன்னல் திரையைப் பற்றிச் சொல்வதுபோல. என் அப்பா தலையாட்டினார். நான் பஜ்ஜித் தட்டோடு நின்றதால் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தட்டு மட்டும் கையில் இல்லையென்றால் என் கல்யாணமே நடந்திருக்காது.

எனக்கு என் பெயர் பிடிக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். அண்ணாமலை நகரில் படித்து வாங்கிய பட்டத்தில் இருப்பதும், ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் நான் கையெழுத்தாகப் போடுவதும் அந்தப் பெயர்தான். ஊரில் பாதிப் பேருடைய சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அதுதான் சாட்சி. அதைக் கழற்றிக் கொடுக்க எனக்கு மனசே இல்லை.

கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தேன்; லேபுக்குத் தினமும் கடலூர் பஸ். அந்த வீட்டில் யாராலும் என்னைக் கூப்பிட முடியவில்லை. பெற்ற தாயின் பெயரை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு, என் கணவர் "ஹலோ" என்பார், ராங் நம்பரிடம் பேசுகிறவர் மாதிரி. மாமியார் "பாப்பா" என்பார்; தன் பெயரைத் தானே கூப்பிட அவருக்கு வெட்கம். மாமனாருக்கு மட்டும் சிரமமே இல்லை. மனைவியை அவர் என்றைக்குமே பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மனைவிக்கு "இந்தா", எனக்கு "ஏம்மா".

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் குளியலறையிலிருந்து மறதியாக என் பெயரைச் சொல்லித் துண்டு கேட்டார். தெருவுக்கே கேட்டிருக்கும். துண்டோடு போனது மாமியார். "ஏண்டா, பேரு சொல்லிக் கூப்புடுற அளவுக்கு வளந்துட்டியா?" என்று கதவிடுக்கில் நீட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமனார் சிரிக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்தார்.

"பெத்தவளப் பேரு சொல்லிக் கூப்புடுறான்னு ஊரு பேசும். சும்மா வாயால மாத்துனா நிக்காது. கெஜட்டுல போட்டாத்தான் கெட்டி," என்றார். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கெஜட்டில் வராத எதையும் முழுசாக நம்பமாட்டார், மழை உட்பட. சில நாளில் பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு வந்து நின்றார். எனக்கு மூன்று பெயர்களும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். மூன்றும் காலமாகிவிட்ட அவருடைய அத்தைமார்களின் பெயர்கள்.

"நான் மாட்டேன் மாமா," என்றேன்.

"கோவப்படாதம்மா. பேருதான, மூக்கா காதா?"

என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார். கல்யாணமான ஆண்களுக்கு மின்விசிறியில் என்னதான் தெரியுமோ.

அன்று அடுக்களையில் வெங்காயம் உரிக்காமலே அழுதேன். மாமியார் பக்கத்தில் வந்து, "அதுக்கு என்னா என்னா குடுக்கணுமாம்?" என்று கேட்டார். ஆறுதல் சொல்லாமல் விவரம் கேட்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. பிறந்த தேதிக்கு ஆதாரம், விலாசத்துக்கு ஆதாரம், போட்டோ, அதிகாரி கையெழுத்து, கட்டணம் என்று ஒப்பித்தேன். அதோடு விடாது, இனி ஆயுசுக்கும் பழைய சர்டிபிகேட்டைக் காட்டும் இடத்திலெல்லாம் கெஜட் நகலையும் நீட்டி, இவளும் அவளும் ஒருத்திதான் என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன்.

"எங்கிட்ட எட்டாவது டிசி இருக்கு. ஆதார் இருக்கு. ரேஷன் கார்டு இருக்கு. உன்னவிட எனக்கு வேலை கம்மிதான?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அழுகை பாதியில் நின்றது.

"மாமா என்னா சொல்லுவாரோ அத்தை."

"மருமவதான் மாத்தணும்னு அந்தத் தாள்ல எங்கயாச்சும் போட்டிருக்கா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் போடவில்லை.

கிள்ளையில் தங்கையைப் பார்த்துவிட்டுக் கருவாடு வாங்கி வருவதாக மாமனாரிடம் சொல்லிவிட்டு, மாமியார் என்னோடு கடலூர் பஸ் ஏறினார். என்ன பெயர் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று பஸ்ஸில்தான் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். "அவ ஒன்னும் பெரிய அழகில்ல. வாத்தியாரு அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப அவ பேரு மட்டும் கேக்க அவ்ளோ நல்லா இருக்கும். நமக்கு வச்சிருக்கக் கூடாதான்னு நெனைப்பேன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

மஞ்சக்குப்பத்தில், எங்கள் லேபுக்குச் சர்க்கரை பார்க்க வருகிற அதிகாரி ஒருவரிடம் கையெழுத்துக்காகப் போய் நின்றோம். காரணத்தைக் கேட்டவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வழக்கமா சின்னவங்கதானம்மா மாத்திப்பாங்க?"

"அது பேருல ஊருப்பட்ட சர்டிபிகேட்டு இருக்கு சார். எனக்கு ரேஷன் கார்டுதான். பேரு மாத்துனா அரிசி இல்லன்னுடுவாங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது மஞ்சக்குப்பத்திலேயே கருவாடு வாங்கிக்கொண்டோம். "கிள்ளைக் கருவாடுன்னா கிள்ளைக் கருவாடுதான்," என்று மாமனார் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டார். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

"விண்ணப்பம் போயாச்சா?" என்று அவ்வப்போது கேட்பார். "போயாச்சு மாமா," என்பேன். அதில் பொய் எதுவும் இல்லை.

கெஜட்டில் வந்ததும் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வந்தேன். மறுநாள் காலையில், மாமனாருக்குக் காப்பி வைக்கிற இடத்தில் மாமியார் அதை வைத்தார். அவர் கண்ணாடியை மாட்டி, எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்லி, சத்தமாகப் படித்தார். பழைய பெயரை ஒரு வழியாக ஒழித்துவிட்ட திருப்தியோடு உச்சரித்தார். அடுத்தது, இன்னாரின் மனைவி. அங்கே நின்றுவிட்டார். மகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயர் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தனக்கே தெரியாமல் தனக்கு இன்னொரு கல்யாணம் ஆகிவிட்டதோ என்பது போலிருந்தது முகம்.

"யாரக் கேட்டு மாத்துன?"

"கெஜட்டுல போட்டாத்தான் கெட்டின்னு நீங்கதான சொன்னீங்க?"

கெஜட்டை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. தாளைத் தடவினார். பிறகு, "இந்தா, காப்பி கொண்டா," என்றார்.

மாமியார் அசையவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "இனிமே இந்தப் பேராலதான் அழைக்கப்படுவேன்னு போட்டிருக்கில்ல? அழைங்க."

என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

மாமனார் தாளை எடுத்து, பெயர் சரிதானா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். அப்புறம் புது மாப்பிள்ளை மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னார்.

என் மாமியாருக்குப் பாம்புக் காது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலைக்கூட எண்ணிச் சொல்வார். "என்னா சொன்னீங்க? சரியா காதுல விழல," என்றார்.

மாமனார் இன்னொரு முறை சொன்னார், கொஞ்சம் சத்தமாக. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வரேங்க," என்று எழுந்து அடுக்களைக்குப் போனார். அங்கிருந்து, கூச்சமே இல்லாமல், தெருவுக்கே கேட்கும்படி முதல் முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, டிகாக்‌ஷன் இறங்கிவிட்டதா என்று பார்க்கச் சொன்னார்.

"வரேன் அத்தை," என்றேன்.