குருபிராவின் பாதம்

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிச் சரக்கைப் பார்த்து ஒப்புதல் தர, பிரேசிலிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். நரைத்த கிராப்; கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பார்த்து முடித்த ஒவ்வொரு ஷூவையும் குதிகால் முன்னால் வரும்படி திருப்பி வைத்தார்.

மேனேஜர் என் காதைக் கடித்தார். "இன்னாய்யா இது, எல்லாமே ரிஜெக்ட்டா? நீதான் இங்கிலீஷ்ல பெரிய ஆளாச்சே, போய்க் கேளு."

கேட்டேன். சரக்கு நன்றாகவே இருக்கிறது என்றார். அவர்கள் ஊர்க் கதைகளில் காட்டைக் காப்பவன் குருபிரா. அவனுக்குப் பாதங்கள் பின்பக்கம் திரும்பியிருக்கும். தடத்தைப் பார்த்துத் துரத்தும் வேட்டைக்காரர்கள் எதிர்த்திசையில் போய்த் தொலைந்துபோவார்கள். அவன் நினைவாகத்தான் செருப்பு, ஷூ எதுவானாலும் சிறுவயதிலிருந்தே இப்படி வைக்கிறாராம்.

நிம்மதியில் எனக்கு வாய் நீண்டது. "எங்க ஊர்ப் பேய்க்குக் காலே கிடையாது மேடம். அதை நம்பி ஷூ யாவாரம் பண்ண முடியாது" என்றேன்.

"அப்ப உங்க ஆத்தை யார் காப்பாத்துறாங்க?" என்று கேட்டார்.

வரும் வழியில், தோல் பதனிடும் கழிவில் நுரை மிதக்கும் பாலாற்றைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"அதுக்கு ஒரு கமிட்டி இருக்கு மேடம்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். நிஜமாகவே அப்படி ஒரு கமிட்டி இருக்கிறது என்பது தெரிந்துதான் அவர் சிரித்தாரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.