டப்பாவுக்கு வெளியே இருந்த போன்

பிள்ளை பிடிக்கிறவளாம் ஜோசபின்! கோர்படி ரயில்வே காலனிக்குப் பின்னால் அவள் குடியிருக்கிற கட்டடத்தின் கேட்டில் நின்று மேல்வீட்டு ரமா சொல்கிறாள், நாலு பேர் தலையாட்டுகிறார்கள். "போனைப் பிடுங்கி வச்சுண்டு, கதவைச் சாத்திண்டு, காலேஜ் பசங்களை மதம் மாத்தறா." அந்தக் கதவு என்றைக்குச் சாத்தியிருந்தது? ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகள் கழற்றிப் போடுகிற செருப்பு நிலைப்படிமேல் ஏறிக் கிடக்கும். சாத்த நினைத்தாலும் சாத்த முடியாது.

போன் விஷயம் மட்டும் உண்மை. ஜோசபின் வீட்டு வாசலை ஒட்டிய ஸ்டூலில் அவள் அப்பா காலத்து எவர்சில்வர் அரிசி டப்பா இருக்கிறது. உள்ளே பழைய துண்டு ஒன்று மடித்துப் போட்டிருப்பாள். உள்ளே வருகிற பிள்ளை போனை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். "ஏலே, ஆண்டவர் வாட்ஸாப்புல வரமாட்டாரு. போட்டுட்டு வா, பூரி ஆறுது" என்பாள். வாரத்தில் ஆறு நாள் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை, ஏழாம் நாள் இந்தக் கல்லூரிப் பிள்ளைகளின் ஜெபக்கூட்டம். கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிப்பாள், ஒரு கண் அடுப்பில். ஒவ்வொரு பிள்ளை பேரையும் அதன் அரியர் பாடத்தோடு சேர்த்துச் சொல்வாள். "ஆண்டவரே, அபினவ், மேக்ஸ் மூணு." பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென் சொல்லும்.

தப்பு செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. செய்தாள். ஆனால் அது ரமா சொல்கிற தப்பு இல்லை.

எல்லோருடைய போனும் டப்பாவுக்குள் போகும், அவளுடையது மட்டும் போகாது. சபைக் கமிட்டியில் இருதயராஜ் அண்ணன்தான் சொன்னார்: "பசங்க எல்லாம் இன்ஸ்டாகிராம்லதான் கிடக்கான். நாமளும் அங்க போய் வலை போடணும்லா?" போட்டாள். ஜெபக்கூட்டத்துக்கு ஒரு பக்கம் திறந்தாள், பாட்டு சேர்க்கப் படித்தாள். கொஞ்ச நாளில் சாம்பார் கிண்டிக்கொண்டே எத்தனை இதயம் விழுந்தது என்று எட்டிப் பார்க்கிற பழக்கமும் வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்துக்கு வந்தவள்தான் வைஷாலி, ஔந்த்தில் இருக்கிற பாங்க் அதிகாரி சந்திரமௌலியின் மகள். சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண். சிநேகிதியோடு வந்தாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், போனாள். அவள் பொட்டை அழிக்கச் சொன்னதில்லை ஜோசபின். பூரி இன்னும் ரெண்டு வை என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஒரு ஞாயிறு, பிள்ளைகள் எழுந்து சாட்சி சொல்கிற நேரத்தில், யாரும் கேட்காமலே அந்தப் பெண் வாய் திறந்தாள். "அக்கா, பெயிலாகி என்னோட இயர் போயிடுச்சு. வீட்ல தெரியாது. ரோஜ் காலேஜ் போற மாதிரி பேக் எடுத்துட்டு கிளம்பறேன். ஒருநாள் கடக்வாஸ்லா டேம் வரைக்கும் போனேன்… அப்புறம் திரும்பி வந்துட்டேன்."

ஜோசபின் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் அதற்கு முன்பே, அந்தப் பெண் பேசும்போதே, ஜோசபின் கை பின்னாலிருந்து போனைத் தூக்கி வீடியோ எடுத்திருந்தது. முகம் தெரியவில்லை, முதுகுதானே என்று நினைத்து, பாட்டுச் சேர்த்து, 'மரணத்திலிருந்து ஜீவனுக்கு' என்று தலைப்பெழுதி அன்றைக்கே பக்கத்தில் போட்டாள். இன்னொரு பிள்ளைக்காவது உதவும் என்று நினைத்தாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

முதுகை மறைக்கலாம், குரலை எங்கே மறைப்பது? சென்னையில் இருக்கிற அத்தை ஒருத்திக்கு அந்தக் குரல் தெரிந்தது. வீடியோ ஔந்த்தில் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஜோசபின் அழித்த பிறகும் யார் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். வைஷாலியின் போன் அணைந்து கிடந்தது. பிறகு அவள் அம்மா சரசாவிடமிருந்து ஒரு அழைப்பு மட்டும் வந்தது. "ரூமை விட்டு வெளியே வரமாட்டேங்கறா. சாப்பிடல, ஒரு வார்த்தை பேசல. உங்களை நம்பித்தானேம்மா சொன்னா? இங்க வந்துடாதீங்கோ. அவர் போலீஸைக் கூப்பிடுவேங்கறார்."

அதற்கப்புறம் ஜோசபினுக்குச் சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். கேட்டில் பேச்சு நின்று, அவள் தாண்டியதும் தொடர்ந்தது. டேம் என்ற சொல் காதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இருதயராஜ் அண்ணன் விடாமல் போன் செய்தார். "நீ அங்க போகாத. சபைக்குக் கேஸ் வரும். கொஞ்சம் சும்மா இரு."

சனிக்கிழமை காலை அபினவ் ஓடி வந்தான். ஜோசபின் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஔந்த்துக்குப் போகப் புடவை மாற்றித் தயாராக நின்றிருந்தாள். "அக்கா, ஒரு ஸாரி வீடியோ போட்டுடலாம். நான் எடுக்கறேன், பஸ் ஏக் மினிட். எல்லாரும் பாப்பாங்க."

"எல்லாருமா?" அவள் திரும்பினாள். "அவ சங்கடத்தை ஊருக்குக் காட்டுனது போதாதா? நான் மன்னிப்பு கேக்கிறதையும் ஊருக்குக் காட்டணுமா? அவகிட்டல்லாலே கேக்கணும்."

"அவ அப்பா போலீஸைக் கூப்பிட்டா?"

"கூப்பிடட்டும். வார வரைக்கும் அவ ரூம் வாசல்ல உக்காந்திருப்பேன். அதுக்குள்ள கதவைத் திறந்தாலும் திறப்பா."

கையில் போன் அதிர்ந்தது. திரையில் இருதயராஜ் அண்ணன் பெயர். அவள் எடுக்கவில்லை. ஸ்டூலுக்குப் போய், டப்பாவைத் திறந்து, போனைத் துண்டின் மேல் வைத்தாள். அது இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கையிலேயே மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். நிலைப்படியில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.